‘டூ பிரெட்ஸ்’ கேட்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள், ஆங்கிலத்தில் எந்த உணவுப் பெயருக்குப் பன்மை ‘எஸ்’ போடுவது, எதற்குப் போடக்கூடாது என்று பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டில் வாயே திறக்காமல் சாமான் வாங்கிவிடலாம். கறிக்கடை, பேக்கரி, பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் சிப்ஸ் கடை, இங்கேதான் பேச வேண்டியிருக்கும்.

முக்கியமானது கறிக்கடை. வெறும் ‘சிக்கன்’ என்றால் இறைச்சி, ‘எ சிக்கன்’ என்றால் முழுக்கோழி. இரண்டு தொடைத் துண்டை மனதில் வைத்துக்கொண்டு ‘டூ சிக்கன்ஸ்’ என்றால், இரண்டு முழுக்கோழி பலகைக்கு வந்துவிடும். ‘டூ சிக்கன் தைஸ்’ என்று கேளுங்கள், அல்லது கிலோ கணக்கில் சொல்லுங்கள். ஹலால் கடையில் ‘ஒன் சிக்கன், ஸ்கின் ஆஃப், ஸ்மால் பீஸஸ்’ என்றால் குழம்புக்குத் தோதாக வெட்டித் தருவார்கள். நாட்டுக்கோழி மாதிரி கடிபட வேண்டுமா? ‘ஹார்ட் சிக்கன்’ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழி அது. குக்கரில் கூடுதல் விசில் விட வேண்டும்.

பிரெட்டை அப்படியே எண்ண முடியாது. முழுசாக வேண்டுமென்றால் ‘எ லோஃப்’, துண்டு என்றால் ‘ஸ்லைஸ்’. குட்டி ரொட்டிகளைத் தாராளமாக எண்ணலாம், ஆனால் ஊருக்கு ஒரு பெயர்: நாட்டிங்ஹாம், லெஸ்டர் பக்கம் ‘காப்’, மான்செஸ்டரில் ‘பார்ம்’. பெயர் தெரியாவிட்டால் ‘ரோல்’ என்றால் எங்கும் புரியும்.

நாம் ஒரு பல் பூண்டு, ஒரு கட்டு கீரை, ஒரு சீப்பு வாழைப்பழம் என்பதுபோல இங்கேயும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுச் சொல் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பூண்டுப் பல்லுக்கு ‘கிளோவ்’, முழுப் பூண்டுக்கு ‘பல்ப்’, கொத்தமல்லிக் கட்டுக்கு ‘பன்ச்’. சமையல் குறிப்பில் ‘ஃபோர் கிளோவ்ஸ் ஆஃப் கார்லிக்’ என்று பார்த்துவிட்டு கிராம்பைத் தேடாதீர்கள். பாலுக்கு ‘பைன்ட்’: பெரிய பிளாஸ்டிக் புட்டியில் 4 பைன்ட், அதாவது 2.27 லிட்டர்.

ஆர்டர் கொடுக்கும் இடத்தில் மட்டும் இலக்கணம் கொஞ்சம் இளகும். காபியை எண்ணக்கூடாது என்று பள்ளியில் படித்திருப்போம். கஃபேயில் ‘டூ காஃபீஸ், ப்ளீஸ்’ சர்வ சாதாரணம். சிப்ஸ் கடையில் பழைய ஆட்கள் ‘காட் அண்ட் சிப்ஸ் ட்வைஸ்’ என்பார்கள். அதாவது காட் மீனும் சிப்ஸும் இரண்டு பொட்டலம். எனக்கு மிகவும் பிடித்த ஆங்கிலம் இது.

இதில் லாஜிக் தேடாதீர்கள். கோதுமை எண்ண முடியாதது, ‘வீட்’. ஓட்ஸ் மட்டும் பன்மை! அரிசிக்கு ‘எஸ்’ கிடையாது, பருப்பு ‘லென்டில்ஸ்’.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்கள் மட்டும் ‘லெஸ் ரைஸ்’, ‘ஃப்யூவர் எக்ஸ்’ (முட்டை) வித்தியாசத்தைக் கவனியுங்கள்: எண்ண முடியாததற்கு ‘லெஸ்’, எண்ண முடிவதற்கு ‘ஃப்யூவர்’. இந்தச் சண்டை இங்கேயே உண்டு. ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று எழுதுவது சரியா என்று பலர் கேட்கப்போய், டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் 2008இல் ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று பலகையை மாற்ற முடிவெடுத்தது.