முன்பின் தெரியாதவர்களிடம் நம் சாட்சி: எங்கள் வீட்டுக் குழுவில் பேசியது

குழு: நாசரேத் வீடு
வெள்ளிக்கிழமை

பாளை பெரியப்பா (மாலை 6:12): எல்லாருக்கும் தோத்திரம். வருகிற ஞாயிறு ஆண்கள் ஐக்கிய சங்க ஆராதனையில் என்னைச் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மத்தேயு 5:13 முதல் 16 வரை, உப்பும் வெளிச்சமும். சபையார் கேட்டுக் கேட்டுப் பழகிய பகுதி. அதனால் உங்களிடம் கேட்கிறேன். பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் கிறிஸ்தவர்கள் என்பது எதில் தெரிகிறது? போதகரான ஐயரும் உபதேசியாரும் செய்வதை எழுத வேண்டாம். உங்கள் கண்ணில் பட்டதை எழுதுங்கள்.

பெங்களூரு சாம் (6:20): அப்பா, முதலில் எதில் தெரியக் கூடாது என்று சொல்கிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு கார். பின் கண்ணாடியில் பெரிய சிலுவை, பக்கத்தில் தமிழில் 'இயேசு ஜீவிக்கிறார்'. கேட் திறக்க அரை நிமிஷம் தாமதமானால் போதும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார். வாட்ச்மேன் ஒடிசாக்காரர். அவருக்குத் தமிழ் படிக்க வராது. சிலுவை என்னவென்று தெரியும்.

அண்ணன் (6:24): நம் காரிலும் சங்கீதம் 23 வசனம் ஒட்டியிருக்கிறதே சாம். எடுத்துவிடவா?

நாகர்கோவில் மயினி (6:25): எடுக்க வேண்டாம். பெரியப்பா, இதை எழுதிக்கொள்ளுங்கள். நாங்குநேரி டோலில் பின்னால் வருகிறவர் எவ்வளவு ஹார்ன் அடித்தாலும் இவர் இப்போதெல்லாம் இறங்கிப் போய் சண்டை போடுவதில்லை. அந்த வசனத்தை ஒட்டின பிறகு வந்த மாற்றம்தான் அது. அடுத்தவனுக்கு வேலை செய்வதற்கு முன்னால் அது இவருக்கு வேலை செய்கிறது.

பாளை பெரியப்பா (6:27): நல்லது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

நாகர்கோவில் மயினி (6:34): இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வடசேரி சந்தையில் ஒரு கீரைக்கார ஆச்சி. அதிகாலையிலேயே வந்து கட்டை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து வைத்துவிடுவார்கள். போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது, "ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வாறவங்கதாம்மா ரொம்பப் பேரம் பேசுவாங்க" என்றார்கள். குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்கு நெஞ்சில் தைத்தது. வெள்ளைச் சேலை, கையில் வேதப்புத்தகம், இரண்டு கட்டு பதினைந்து ரூபாய்க்குத் தருவாயா என்று ஒரு பேரம். அந்த ஆச்சிக்கு வேதம் தெரியாது. நம்மைத்தான் தெரியும்.

அண்ணன் (6:36): பேரமே பேசக் கூடாது என்கிறாயா?

நாகர்கோவில் மயினி (6:37): ஜவுளிக்கடையில் பேசுங்கள். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் வேண்டாம்.

நான் (6:45): பெரியப்பா, எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு கேள்வி. 5:16-ல் இயேசு 'மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு' என்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்கிறார். ஒரே மலைப்பிரசங்கத்தில் இரண்டும் இருக்கிறது. வெளியே தெரிய வேண்டுமா, கூடாதா?

பாளை பெரியப்பா (6:52): நல்ல கேள்வி. 5:16-ஐக் கடைசிவரை வாசித்துப் பார். கண்டு, யாரை மகிமைப்படுத்த வேண்டும்? பரலோகத்தில் இருக்கிற பிதாவை. 6-ஆம் அதிகாரத்தில் அவர் கண்டிக்கிறது, மனுஷர் காண வேண்டுமென்றே தர்மம் பண்ணுகிறவனை. செய்கிற காரியம் ஒன்றாகவே இருக்கலாம், யாருக்காகச் செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

நான் (6:54): புரிகிறது. ஆனால் வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

நான் (7:10): அம்மா ஒரு ஆடியோ அனுப்பியிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு ஆடியோ சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுத்தில் போடுகிறேன். அம்மா சொன்னது:

"2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தண்ணீர் வடிந்த பிறகு எங்கெங்கிருந்தோ சாமான்கள் வந்தது, நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார்கள். நம் ஆட்களும் ஒரு வேனில் வந்தார்கள். பேனர் கட்டி, ஒவ்வொரு பையையும் கொடுக்கும்போது நிறுத்தி நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சி. வீட்டில் அடுப்பு எரிந்து மூன்று நாளாம். பையை வாங்கும்போது முந்தானையை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டாள். போட்டோ எடுக்கிற பையன், 'அக்கா, துணியை எடுங்க, முகம் தெரியல' என்கிறான். நான் அவன் கையைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கினேன். வெளிச்சம் பிரகாசிக்க வேண்டியதுதான். அதை அவள் முகத்தில் அடிக்கலாமா?"

பெங்களூரு சாம் (7:12): சித்தி

பெங்களூரு சாம் (7:12): அக்கா, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் (7:18): ஆடியோ இன்னும் இருக்கிறது. மீதியையும் போடுகிறேன்:

"அதே வெள்ளத்தில் இன்னொன்று நடந்தது. திருச்செந்தூரிலிருந்து மெட்ராஸ் போகிற ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பேர். இரண்டு பக்கமும் தண்ணீர். பக்கத்தில் இருக்கிற புதுக்குடி ஜனங்கள்தான் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் ஊரையும் வெள்ளம் விடவில்லை, கடை கண்ணி எதுவும் கிடையாது. ரயிலில் இருந்தவர்கள் என்ன ஜாதி, என்ன மதம், ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மன் கோயில் வாசலில் வைத்துச் சமைத்தார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின நல்ல சமாரியன் கதையை வாசிக்கும்போதெல்லாம் நாம் அந்தச் சமாரியனாகவே நம்மை நினைத்துக்கொள்கிறோம். அந்த ராத்திரி ரயிலில் உட்கார்ந்திருந்த கிறிஸ்தவன் யார்? வழியில் விழுந்து கிடந்தவன். அவனுக்குச் சோறு போட்டவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். சாம் அப்பா இதையும் பிரசங்கத்தில் சொல்ல வேண்டும். நாம்தான் வெளிச்சம் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால், எதிரே இருக்கிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது."

பாளை பெரியப்பா (7:31): அம்மாவிடம் சொல், இதைக் கட்டாயம் சொல்கிறேன். லூக்கா 10-ல் கர்த்தர் வேண்டுமென்றேதான், யூதர்கள் ஒதுக்கிவைத்திருந்த சமாரியனை வைத்தார். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்.

வேலூர் அத்தை (8:05): இப்போதுதான் பார்த்தேன். அண்ணே, என் பங்கையும் வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டையர் ஆன பிறகும் வாரத்தில் சில நாள் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறேன், உங்களுக்குத் தெரியும். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஹவுரா ரயிலில் வந்து இறங்குகிறார்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், சில பேர் பங்களாதேஷிலிருந்தே வருகிறார்கள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் எக்ஸ்ரே, ஸ்கேன் போட்ட பெரிய கவர். பாஷை தெரியாது. முதலில் யார் வந்து பேசுகிறார்களோ அவர்கள் பின்னால் போய்விடுவார்கள். அது நல்ல ஆளா, கமிஷனுக்கு லாட்ஜ் பிடித்துக் கொடுக்கிற ஆளா என்று எப்படித் தெரியும்?

வேலூர் அத்தை (8:09): அவர்களுக்கு அப்போது வேண்டியது எல்லாம் சின்னச் சின்ன விஷயம். அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்தக் கட்டிடம் போட்டிருக்கிறது, எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும், ஆட்டோவுக்கு நியாயமாக எவ்வளவு. அப்புறம் சமைத்துச் சாப்பிட அடுப்போடு ரூம் எங்கே கிடைக்கும். நம் சாம்பார் ரெண்டாம் நாளே அவர்களுக்கு அலுத்துவிடும், மீன் குழம்பும் சோறும் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த கொஞ்சம் பெங்காலியில் சொல்வேன், மீதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன்.

பாளை பெரியப்பா (8:14): எல்லாம் சரிம்மா. கர்த்தருடைய நாமத்தை எப்போது சொல்வாய்? ரோமர் 10:14, 'பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?' நல்லது செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தால், இந்த அம்மா நல்லவர் என்பதோடு நின்றுபோகும். மகிமை உனக்குத்தானே வரும்?

வேலூர் அத்தை (8:22): அண்ணே, பிளாட்பாரத்தில் யாராவது கேட்டால் மறைக்க மாட்டேன். நான் கிறிஸ்தவள், கர்த்தர் எனக்குச் செய்ததற்காகச் செய்கிறேன் என்று சொல்வேன். கேட்காவிட்டால் சொல்வதில்லை. பயந்துபோய் நிற்கிற ஒருவருக்கு உதவி செய்துவிட்டு உடனே சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டினால், ஓகோ, இதற்குத்தானா என்று தோன்றிவிடும். வாங்கின உதவிக்கு விலை கொடுக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்தச் சமாரியன் சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போனானே, அவன் காயப்பட்டவனிடம் ஏதாவது கேட்டானா?

வேலூர் அத்தை (8:25): வார்டில் வேலை பார்த்தபோது நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். படுக்கையில் இருப்பவர் எழுந்து போக முடியாது. பிடிக்காவிட்டாலும் நம்மை விட்டு நகர முடியாது. அதனால் கேட்காமல் யார் பக்கத்திலும் நின்று சத்தமாக ஜெபிக்க மாட்டேன். ஜெபிக்கட்டுமா என்று ஒரு தரம் கேட்பேன். வேண்டாம் என்றால் தலையணையைச் சரிபண்ணிவிட்டு அடுத்த வேலை. அவருக்கான மருந்தும் கவனிப்பும் ஒரு துளி குறையக் கூடாது. வேண்டாம் என்று சொன்ன பிறகு அவரை எப்படிக் கவனிக்கிறோம், அதுதான் சாட்சி.

நான் (8:28): அத்தை, இப்போது இருக்கிற சூழ்நிலையில் ஜெபிக்கட்டுமா என்று கேட்பதையே சிலர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஆபீஸில் சாப்பிடும் முன் கண்ணை மூடினால்கூட எனக்கு அந்த யோசனை வருகிறது.

வேலூர் அத்தை (8:33): எடுத்துக்கொள்வார்கள். சில பேர் பட்ட அனுபவம் அப்படி. அவர்களிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. நீ கண்ணை மூடி ஜெபி, அதை எதற்கு மறைக்கிறாய்? ஆனால் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரைக் காத்திருக்க வைக்காதே.

வேலூர் அத்தை (8:41): ஒன்று மட்டும் சொல்கிறேன். மால்டா பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெரியவர். மனைவிக்கு மறுநாள் காலை இதய ஆபரேஷன். ராத்திரி டியூட்டியில் நான். வராந்தாவில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவராகவே வந்து, "சிஸ்டர், நீங்கள் துஆ செய்வீர்களா?" என்றார். நான் இயேசுவின் நாமத்தில்தான் ஜெபிப்பேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். யோசித்தார். சரி என்று தலையாட்டினார். நான் கண்ணை மூடி ஜெபித்தேன். முடித்துத் திறந்தபோது அவர் இரண்டு உள்ளங்கையையும் மேலே விரித்து ஏந்தியபடி நின்றார். அவர் அவருடைய வழக்கப்படி, நான் என்னுடைய வழக்கப்படி. ஒருவரை ஒருவர் ஏமாற்றவில்லை. அந்த அம்மா பிழைத்து ஊருக்குப் போனார்கள். அவர்கள் மதம் மாறினார்களா என்று நீங்கள் கேட்கக் கூடாது, நானும் கேட்கவில்லை.

அண்ணன் (8:43): அத்தை, இத்தனை வருஷத்தில் இதை நீங்கள் சொன்னதே இல்லையே.

பாளை பெரியப்பா (8:58): 1 பேதுரு 3:15-ஐ எடுத்து வாசித்தேன். நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். எப்படி? 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்'. இத்தனை நாள் ஆயத்தம் என்பதை அழுத்திச் சொன்னேன். இந்தத் தரம் 'கேட்கிறவர்களுக்கு' என்பதையும் சேர்த்து அழுத்துகிறேன். ஆனாலும் ஒன்று, தங்கச்சி. கேட்கிற வரைக்கும் சும்மா இருப்பதை நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. வெட்கத்தினால் பேசாமல் இருந்துவிட்டு அதற்குச் சாந்தம் என்று பெயர் வைக்கிறவர்களும் நம் சபையில் உண்டு.

வேலூர் அத்தை (9:01): உண்டு அண்ணே. அதையும் பேசுங்கள்.

பெங்களூரு சாம் (9:04): அப்பா, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து கதவைத் தட்டின கதை.

பாளை பெரியப்பா (9:11): அதை விட முடியுமா? மூன்று பேரும் பிரசவத்தில் துடிக்கிற மனைவிக்காக வந்தவர்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்று. ஐடா அப்போது மருத்துவம் படிக்காத சின்னப் பெண். ஆண் மருத்துவரான அவர் அப்பாவை வீட்டுக்குள் விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அவர் படிக்கப் போனார். திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். வெறும் கதவு தட்டல்தான், யாரும் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை.

நான் (9:14): நம் ஊர் மிஷனரி மர்காஷிஸ் ஐயரும் அப்படித்தானே பெரியப்பா? 1876-ல் நாசரேத்துக்கு வந்தவர், 1908-ல் இறக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தார். அம்மாவின் தாத்தா காலத்து ஆட்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது மருந்து கொடுத்ததையும் பள்ளிக்கூடம் வைத்ததையும்தான்.

பாளை பெரியப்பா (9:20): ஆமாம். நேரம் இருந்தால் சொல்கிறேன். எல்லாவற்றையும் திணித்தால் சபை தூங்கிவிடும். கீரைக்கார ஆச்சி, முந்தானையை இழுத்து மூடிய பெண், புதுக்குடி, தங்கச்சியின் வராந்தா. இந்த நான்கு போதும். தங்கச்சி, உன் பெயரையும் அந்தப் பெரியவருடைய ஊரையும் சொல்ல மாட்டேன். சம்மதமா?

வேலூர் அத்தை (9:22): சம்மதம். ஆபரேஷன் விவரமும் வேண்டாம்.

நாகர்கோவில் மயினி (9:24): ஆச்சியைப் பற்றிச் சொல்லும்போது சந்தை பெயரைச் சொல்லிவிடாதீர்கள் பெரியப்பா. நம் சபைக்காரர்கள் போய் யார் அந்த ஆச்சி என்று தேடுவார்கள்.

பெங்களூரு சாம் (9:37): அத்தை, கேட்க மறந்துவிட்டேன். என் டீமில் அசன்சோல் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பாவுக்கு நரம்பில் ஏதோ பிரச்சினை. புதன்கிழமை அப்பாவும் அம்மாவும் மட்டும் காட்பாடி வருகிறார்கள், அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நம்பர் இங்கே போடட்டுமா?

வேலூர் அத்தை (9:40): குழுவில் போடாதே. எனக்குத் தனியாக அனுப்பு. எந்த ரயில், எந்தப் பெட்டி என்பதையும் எழுது. பெரியவரால் நடக்க முடியுமா, வீல்சேர் சொல்லி வைக்க வேண்டுமா? அந்த அம்மா மீன் சாப்பிடுவார்களா, சைவமா, அதையும் அவனிடம் கேட்டுச் சொல். ரூம் பார்க்க வசதியாக இருக்கும்.