கார்டு தெரிகிறது, டிரைவர் எடுக்கவில்லை. அவசரம், யாராவது பாருங்கள்

வெட்டுமேசை (செவ்வாய், இரவு 11:20)
எல்லோருக்கும் வணக்கம். முன்பு இருந்த கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டதால் நேற்று ஒரு பழைய கார்டு வாங்கி மாட்டினேன். கார்டை ஓட்டுகிற மென்பொருளான டிரைவரும் போட்டாயிற்று. ரீஸ்டார்ட் செய்ததில் இருந்து திரையில் எழுத்தெல்லாம் வீங்கிப் போய்த் தெரிகிறது. வீடியோ வெட்டுகிற கேடென்லைவ் திறந்தால் மெஷினே நின்றுவிடுகிறது. கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்தால் ஏதோ எரர். இரண்டு முறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், அதேதான். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீடியோ கொடுத்தாக வேண்டும், சனிக்கிழமை பெண் வீட்டார் ஊருக்குக் கிளம்புகிறார்கள். என்ன செய்வது?

கரிசல்காட்டான் (இரவு 11:34)
நண்பரே, என்ன கார்டு, எந்த லினக்ஸ், டிரைவரை எப்படிப் போட்டீர்கள், மூன்றும் இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. "ஏதோ எரர்" என்பதை அப்படியே எழுதுங்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ -என்என்கே (மெஷினில் மாட்டியிருக்கும் கார்டுகளைக் காட்டும் கட்டளை) அடித்து, விஜிஏ என்று வருகிற பத்தியை இங்கே போடுங்கள்.

சாலிடர்மணி (இரவு 11:41)
பழைய கார்டு என்றாலே முதலில் பார்க்க வேண்டியது பல். கார்டைக் கழற்றி, தங்க நிறப் பல் இருக்கும் பக்கத்தைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். என் மேசைக்குச் செத்துப்போய் வந்த எத்தனையோ கார்டு இதிலேயே எழுந்திருக்கிறது. கரண்ட் கொடுக்கும் பெட்டி, எஸ்எம்பிஎஸ், எத்தனை வாட்ஸ் என்பதையும் சொல்லுங்கள்.

கர்னல்வாசி (இரவு 11:58)
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. என்விடியா கார்டை வாங்கி லினக்ஸில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏஎம்டி வாங்கச் சொல்லியிருப்பேன். ஏஎம்டிக்கு டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டிஜிபியு என்கிற அந்த டிரைவர் 2015இல் 4.2 கர்னலோடு வந்தது, மாட்டினால் போதும், படம் வரும். கர்னல் தன்னிடம் நடந்ததை எல்லாம் வரிவரியாக எழுதி வைக்கிறது. அதைப் படிக்கப் பழகாதவர்கள் வேலைக்கான மெஷினில் கை வைக்கக் கூடாது.

பூட்டுசாவி (புதன், காலை 6:15)
இது செக்யூர் பூட், சந்தேகமே வேண்டாம். மெஷின் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் செக்யூர் பூட் ஓடிக்கொண்டிருந்தால், டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூலை (கர்னலில் சேர்கிற டிரைவர் துண்டு) கர்னல் உள்ளே விடாது. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது எம்ஓகே (மெஷின் உரிமையாளரின் சாவி) என்று நீலத் திரை வந்து, உடனே ஏதாவது விசையைத் தட்டச் சொல்லும். தட்டாவிட்டால் அதுபாட்டுக்கு பூட் ஆகிவிடும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தத் திரையில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸில் போய் செக்யூர் பூட்டை நிறுத்திவிடுங்கள்.

வெட்டுமேசை (காலை 8:02)
மன்னிக்கவும், இரவு தூங்கிவிட்டேன். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. உபுண்டு 24.04. சாலிடர்மணி அண்ணா, ரப்பர் போட்டுத் தேய்த்தேன், மாற்றம் இல்லை. எஸ்எம்பிஎஸ் 450 வாட்ஸ். நீலத் திரை எதுவும் வரவில்லை. திரை 1024x768க்கு மேல் போக மறுக்கிறது.

தூத்துக்குடிக்காரன் (காலை 8:20)
மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? மதர்போர்டின் எச்டிஎம்ஐயிலா, கார்டின் எச்டிஎம்ஐயிலா? நான் இப்படி மாற்றிச் செருகி ஒரு நாள் முழுக்க அலைந்தேன்.

வெட்டுமேசை (காலை 8:26)
கார்டில்தான். சிபியு ஐ5-10400எஃப்.

கரிசல்காட்டான் (காலை 8:31)
அப்படியானால் கேபிள் சந்தேகம் தீர்ந்தது. எஃப் என்று முடியும் அந்த சிபியுவில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது, மதர்போர்டில் செருகினால் படமே வந்திருக்காது. கரண்ட் கணக்கும் சரி. 1050 டிஐ எடுப்பது 75 வாட்ஸ், அதை ஸ்லாட்டே கொடுத்துவிடும். நான் கேட்டது இன்னும் வரவில்லை. எல்எஸ்பிசிஐ?

அசல்நகல் (காலை 9:10)
எனக்கு வேறு பயம். பழைய ஜிடிஎஸ் 450, 550 டிஐ சிப்பில் கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்பது பல வருடமாக நடக்கிறது. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். உண்மையான 1050 டிஐ என்றால் எல்எஸ்பிசிஐயில் 10டிஇ:1சி82 என்று வர வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் ஜிபி107 என்று சிப்பின் பெயர் இருக்க வேண்டும். ஜிஎஃப் என்று தொடங்கினால் அது ஃபெர்மி என்கிற பழைய தலைமுறைச் சிப், உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

பூட்டுசாவி (காலை 9:25)
செக்யூர் பூட் பார்த்தீர்களா?

வெட்டுமேசை (காலை 10:47)
ஸ்டுடியோவில் ஆள் வந்துவிட்டார்கள், இப்போதுதான் உட்கார்ந்தேன். பார்த்து எழுதுகிறேன்: ஜிபி107, ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 10டிஇ:1சி82. அதற்குக் கீழே கர்னல் மாட்யூல்ஸ் என்ற வரியில் என்விடியாஎஃப்பி, நூவோ, என்விடியா_டிஆர்எம், என்விடியா. வேறு ஒன்றும் இல்லை.
எரர்: என்விடியா டிரைவரோடு பேச முடியவில்லை, அதனால் என்விடியா-எஸ்எம்ஐ தோற்றது என்கிற வரி.

அசல்நகல் (காலை 10:50)
நல்லது. கார்டு அசல்.

பனையோலை (காலை 11:05)
வணக்கம். "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி உங்களுக்கு வரவில்லை என்பதுதான் முக்கியம். அட்டையைக் கணினி பார்க்கிறது, அதற்குப் பொருத்தமான மாட்யூல்களின் பெயரும் தெரிகிறது, ஆனால் எதுவும் அட்டையைப் பிடித்துக்கொள்ளவில்லை. என்விடியா டிரைவர் பொதியை நிறுவும்போது, லினக்ஸோடு வரும் நூவோ டிரைவரைத் தடுத்துவிடும், அதனால் அதுவும் வராது. படம் வருவது பயாஸ் விட்டுச்சென்ற வெறும் திரையில். பெரிய எழுத்துக்கு அதுதான் காரணம். கேடென்லைவின் வேலை முழுக்க சிபியு தலையில் விழுகிறது.

என்விடியா-எஸ்எம்ஐ சொல்கிற அந்த வரி காய்ச்சல் போன்றது, என்ன நோய் என்று சொல்லாது. மூன்று விடயம் வேண்டும்.
ஒன்று, மாட்யூலை ஏற்றும் கட்டளையான சூடோ மாட்ப்ரோப் என்விடியா அடித்தால் என்ன வருகிறது. "கீ வாஸ் ரிஜெக்டட்" என்றால் பூட்டுசாவி சொன்னது சரி. "நோ சச் டிவைஸ்" என்றால் அது வேறு.
இரண்டு, கர்னல் எழுதி வைத்ததைக் காட்டும் சூடோ டிமெசேஜ் அடித்து என்விஆர்எம் என்று தொடங்கும் வரிகள்.
மூன்று, டிரைவரை நிறுவ நீங்கள் அடித்த கட்டளை, எழுத்து மாறாமல்.

கட்டற்றவன் (காலை 11:30)
கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். முழுக்க ஆங்கிலச் சொல்லாக இருக்கிறதே. டிரைவர் என்பதை இயக்கி என்று எழுதினால் யாருக்குப் புரியாது? நிரல், பொதி (பேக்கேஜ்), இயக்கி, கருவகம் (கர்னல்) எல்லாம் பல வருடமாகப் புழங்கும் சொற்கள்.

சாலிடர்மணி (காலை 11:38)
தம்பி, என் கடைக்கு வருகிறவர் யாரும் இயக்கி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டதில்லை. டிரைவர் என்றால் டிரைவர்தான்.

பனையோலை (காலை 11:52)
எங்கள் ஊரில் பள்ளிப் புத்தகத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பணிசெயல் முறைமை என்று படித்தோம், அங்கே இயங்குதளம் என்கிறீர்கள். இரண்டும் நல்ல தமிழ்தான். இப்போது அந்த மூன்று விடயத்தையும் முதலில் பார்ப்போம்.

கர்னல்வாசி (நண்பகல் 12:15)
கருவகம் என்று எழுதினால் கேள்வி கேட்டவர் எதைத் தேடுவார்? கட்டளை ஆங்கிலத்தில், எரர் ஆங்கிலத்தில். சொல்லை மாற்றிவிட்டால் தேடவே முடியாது.

கட்டற்றவன் (நண்பகல் 12:40)
கட்டளையை மாற்றச் சொல்லவில்லை. அதை விளக்குகிற சொல்லைத் தமிழில் வையுங்கள் என்கிறேன். ஊரில் இருந்து ஒரு பிள்ளை முதல்முறை லினக்ஸ் போடும்போது டிமெசேஜ் என்பதற்குப் பக்கத்தில் "கருவகத்தின் செய்திக் குறிப்பு" என்று இருந்தால் அது என்ன என்று உடனே விளங்கும். அது எனக்குப் பெரிய விஷயம்.

வெட்டுமேசை (பிற்பகல் 2:18)
மாட்ப்ரோப் அடித்தால்: நோ சச் டிவைஸ்.
டிமெசேஜில் நீளமாக வருகிறது. இந்த ஜிபியு ஓப்பன் என்விடியா.கேஓவில் ஆதரிக்கப்படவில்லை, ஏனென்றால் ஜிஎஸ்பி இல்லை என்று இருக்கிறது. கடைசியில் எந்த டிவைஸும் எழவில்லை என்று ஒரு வரி.
அடித்த கட்டளை: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்விடியா-டிரைவர்-580-ஓப்பன். ஒரு வீடியோவில் பார்த்தேன். அவர் ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருந்தார். ஓப்பன் என்று இருந்ததால் லினக்ஸுக்கு அதுதான் நல்லது என்று நினைத்துவிட்டேன்.
செக்யூர் பூட்: "மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்" என்ற கட்டளையை அடித்தேன், டிசேபிள்ட் என்று வந்தது.

கரிசல்காட்டான் (பிற்பகல் 2:22)
கிடைத்துவிட்டது. நேற்று இரவே இந்தக் கட்டளையை எழுதியிருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

பனையோலை (பிற்பகல் 2:40)
கோளாறு இதுதான். 2018இல் வந்த டூரிங் தலைமுறை முதல் என்விடியா சிப்புக்குள் ஜிஎஸ்பி என்ற சிறு செயலி ஒன்று இருக்கிறது. அட்டையை எழுப்பி நிர்வகிக்கும் வேலையில் பெரும்பகுதியை அதில் ஓடுகிற ஃபர்ம்வேர் என்கிற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. 2022 மே மாதம் என்விடியா வெளியிட்ட ஓப்பன் மாட்யூல், அந்தச் செயலி இருக்கிறது என்ற கணக்கில் எழுதப்பட்டது. உங்கள் 1050 டிஐ 2016இல் வந்த பாஸ்கல் தலைமுறை. அதில் அந்தச் செயலி கிடையாது. ஆகவே மாட்யூல் வந்து அட்டையைப் பார்த்து, தனக்கு ஏற்றதில்லை என்று திரும்பிப் போய்விடுகிறது. வீடியோவில் இருந்தவருக்கு 3060, டூரிங்குக்கும் அடுத்த தலைமுறை, அதனால் அவருக்கு ஓடியது. ஒரே கட்டளைதான், அட்டை வேறு.

செய்ய வேண்டியது: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்விடியா-டிரைவர்-580. ஓப்பன் என்ற வால் இல்லாமல். இருக்கிறதை நீக்கிவிட்டு இதைப் போடவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். பிறகு ரீஸ்டார்ட். பதிப்பு எண்ணையும் கவனித்துக்கொள்ளுங்கள். பாஸ்கல் அட்டைகளுக்கு 580தான் கடைசி வரிசை. நாளை வேறு வீடியோவில் அதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்து மாற்றிவிடாதீர்கள். எது பொருந்தும் என்று சந்தேகம் வந்தால் உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ் என்று அடியுங்கள், உங்கள் அட்டைக்கு ஏற்றதை அதுவே காட்டும்.

பூட்டுசாவி (பிற்பகல் 2:55)
இருந்தாலும் செக்யூர் பூட்டை ஒருமுறை பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கரிசல்காட்டான் (பிற்பகல் 3:01)
டிசேபிள்ட் என்று அவரே எழுதியிருக்கிறார். உங்கள் விளக்கம் அருமையானது, வேறு பலருக்கு உதவும். இவருக்கு அது நோய் இல்லை.

கட்டற்றவன் (பிற்பகல் 3:30)
இதைத்தான் காலையில் இருந்து சொல்கிறேன். ஓப்பன் என்ற ஒரு சொல்லை நம்பி அவர் ஏமாந்தார். திறந்த மூலம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு, எல்லாக் கார்டிலும் ஓடும் என்பது மூன்றாவது. அந்தப் பொதியிலும் ஜிஎஸ்பியில் ஓடும் ஃபர்ம்வேரின் மூல நிரல் நமக்குக் கிடைக்காது, திறந்திருப்பது கர்னல் மாட்யூல் மட்டும். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையில் என்விடியாவைத் திட்டினாரே, அந்தக் கோபத்துக்குப் பத்து வருடம் கழித்துப் பாதி பதில்தான் வந்தது.

கர்னல்வாசி (பிற்பகல் 3:48)
பாதி பதில் என்றாலும் பெரிய பதில். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு இப்போது ஓப்பன் மாட்யூல் மட்டும்தான், பழைய மூடிய மாட்யூல் அதில் ஓடாது. இவருக்கு நடந்ததற்கு நேர் எதிர். கேள்வி கேட்டவருக்கு: கடைசியில் விடை டிமெசேஜில்தான் இருந்தது, நான் முதல் நாளே சொன்னேன்.

தூத்துக்குடிக்காரன் (மாலை 4:05)
படிக்க வேண்டும் என்று சொன்னீர்கள், எங்கே எப்படிப் படிப்பது என்று பனையோலை சொன்னார். புதிதாக வருகிறவருக்கு இரண்டாவதுதான் தேவை.

கர்னல்வாசி (மாலை 4:20)
எல்லாவற்றையும் ஊட்டிவிட்டால் யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

சாலிடர்மணி (மாலை 4:44)
வெள்ளிக்கிழமை கல்யாண வீடியோ கொடுக்க வேண்டியவருக்கு முதலில் சோறு போடுவோம், சமையல் அப்புறம் கற்றுக்கொள்ளட்டும். தம்பி வெட்டுமேசை, போட்டீர்களா? என்ன ஆயிற்று?

கரிசல்காட்டான் (இரவு 9:30)
ஆளைக் காணோம். யாராவது அவரோடு பேசினால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெட்டுமேசை (வியாழன், இரவு 1:12)
வந்துவிட்டது. வால் இல்லாத 580. எழுத்து சரியாகிவிட்டது, கேடென்லைவில் கார்டின் வீடியோ என்கோடரான என்வென்க்கில் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பனையோலை, எல்லோருக்கும் நன்றி. தாலி கட்டுகிற இடம் மட்டும் இன்னும் வெட்டவில்லை, போகிறேன்.

பனையோலை (காலை 7:10)
மகிழ்ச்சி. நல்லபடியாக முடியட்டும்.

குளத்தூரான் (மூன்று வாரம் கழித்து)
அண்ணா, எனக்கும் இதே வீங்கின எழுத்துதான். ஜிடி 710. இதில் சொன்ன மாதிரியே என்விடியா-டிரைவர்-580 வால் இல்லாமல் போட்டேன், எடுக்கவில்லை.

கரிசல்காட்டான்
தம்பி, 710 கெப்ளர் சிப், 1050 டிஐயைவிடப் பழையது. அதற்குக் கடைசி வரிசை 470. உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ் அடித்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். எந்த உபுண்டு?