கருத்தரிக்கத் திட்டமிடும்போது எந்த மாசை முதலில் ஒதுக்க வேண்டும்?

தென்றல் (கேள்வி)

வயது 34. கருத்தரிக்க முயன்றுகொண்டிருக்கிறோம். வேலை ஸ்கிரீன் பிரிண்டிங் கூடத்தில். மை துடைக்கப் பயன்படுத்தும் தின்னரில் டொலுயீன் இருப்பதாக டப்பாவில் போட்டிருக்கிறது. தேடிப் படித்தால் பிளாஸ்டிக், வாசனைத் திரவியம், பூச்சிமருந்து, புகை, குடிநீர் என்று எல்லாமே கருமுட்டையைக் கெடுக்கும் என்கிறார்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. எதில் தொடங்குவது? நிறுத்தினால் எத்தனை நாளில் உடலை விட்டுப் போகும்? கருமுட்டை இருப்பை அளக்கும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையில் பாதிப்பு தெரியுமா? டீடாக்ஸ் மாத்திரையால் பலன் உண்டா?

கருவியல்மாலை

முதலில் கருமுட்டையின் காலக்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும். ஒரு பெண்ணின் மொத்தக் கருமுட்டைகளும் அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. இருபதாவது வாரத்தில் 60 முதல் 70 லட்சம், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பருவமடையும்போது 3 முதல் 4 லட்சம். அதன்பிறகு புதிதாக எதுவும் சேராது. உறங்கிக் கிடப்பவற்றில் ஒன்று விழித்து வளரும்போது, கடைசிக் கட்டம் மட்டும் ஏறக்குறைய 85 நாள் பிடிக்கிறது.

மாசு இரண்டு இடத்தில் அடிக்கிறது. ஒன்று, உறங்கும் முட்டைகளையே கொல்வது. சிகரெட் புகையிலும் எரிந்த கரியிலும் உள்ள பென்சோபைரீன் வகைப் பொருள்கள் முட்டையின் செல்லைத் தானாக அழியவைக்கும் மரபணுவைத் தூண்டுவதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் 1 முதல் 2 ஆண்டு முன்னதாகவே நின்றுவிடுகிறது. அப்படிப் போன முட்டை திரும்பாது. அடுத்தவர் விடும் புகையையும் இதே கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையில் குரோமோசோம் பிரியும் நேரத்தில் குழப்பம் செய்வது. 1998இல் அமெரிக்க மரபியல் ஆய்வாளர் பட்ரீஷியா ஹன்ட்டின் ஆய்வகத்தில் எலிக்கூண்டுகளைத் தவறான, கடுமையான சோப்பால் கழுவிவிட்டார்கள். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு அதன் மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ கசிந்தது. குரோமோசோம்கள் வரிசையாக நிற்காத முட்டைகள் 1–2 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏறின. வேண்டுமென்றே குறைந்த அளவு கொடுத்துப் பார்த்தபோதும் அதே வகைக் கோளாறு வந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் பாதிப்பு எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு குறைவு.

வெளியேறும் வேகம்: பிஸ்பீனால் ஏ, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட் இரண்டும் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஓரிரு நாளில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். தினமும் உள்ளே வருவதால்தான் உடலில் எப்போதும் இருக்கின்றன. ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாக ஒரு மாதம் ஆகும், எலும்பில் படிந்ததோ பல பத்தாண்டுகள் கிடக்கும். ஒட்டாத பூச்சுகளிலும் நீர் ஒட்டாத துணிகளிலும் வரும் பி.எஃப்.ஏ.எஸ். பாதியாகச் சில ஆண்டுகள். எரிப்பிலும் ஆலைகளிலும் உருவாகும் நச்சான டையாக்சினும் அப்படித்தான். 1976இல் இத்தாலியின் செவெசோ ஆலை விபத்தில் டையாக்சினுக்கு ஆளான பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ரத்த அளவு பத்து மடங்கு கூடினால் கருத்தரிக்க ஆகும் காலம் சுமார் 25 சதவீதம் நீண்டது.

என் வரிசை: புகை, வேலையிடக் கரைப்பான் (தின்னர் போன்றவை), ஈயம். பிளாஸ்டிக் அதற்கு அப்புறம்தான். 85 நாள் கணக்கு இருப்பதால் மாற்றங்களை மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. ஏற்கெனவே முயற்சியில் இருப்பவர் அதற்காக முயற்சியை நிறுத்த வேண்டாம். 34 வயதில் காலமும் முக்கியம்.

பட்டறைப்பாதுகாப்பு

வரிசையை ஒப்புக்கொள்கிறேன். தென்றலுக்குப் பெரிய இடம் அந்தத் தின்னர்தான். வீட்டு டப்பாக்களை மாற்றுவது அதற்கு ஈடாகாது.

கூடத்தில் உள்ள ஒவ்வொரு மைக்கும் தின்னருக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் கேட்டு வாங்குங்கள். 2ஆம் பகுதியில் எச்360 என்ற அபாயக் குறியீடு இருந்தால் கருவளத்துக்கோ கருவுக்கோ கெடுதல் செய்யக்கூடியது, எச்361 என்றால் அப்படிச் சந்தேகிக்கப்படுவது. டொலுயீன் இரண்டாவது வகை, கருவைக் குறித்த எச்சரிக்கை. 3ஆம் பகுதியில் 2-மெத்தாக்ஸிஎத்தனால், 2-எத்தாக்ஸிஎத்தனால் இருக்கிறதா பாருங்கள். இவை கிளைக்கால் ஈத்தர்கள், தோல் வழியாகவே நன்றாக ஏறும். செமிகண்டக்டர் ஆலைகளில் இந்த வகையோடு வேலை செய்த பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது. இருந்தால் அந்தப் பொருளையே மாற்றச் சொல்லுங்கள்.

காற்றோட்டம் என்றதும் தலைக்கு மேல் மின்விசிறி போடுகிறார்கள். அது ஆவியைக் கூடம் முழுக்கப் பரப்பிவிடும், வெளியேற்றாது. உறிஞ்சும் குழாயின் வாய் துடைக்கும் மேசையின் விளிம்பில், உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஆவி முகத்தைத் தாண்டிப் போகக்கூடாது. நனைந்த துணியைத் திறந்த கூடையில் போட்டால் நாள் முழுக்க ஆவி வந்துகொண்டே இருக்கும், மூடியுள்ள உலோக வாளி வையுங்கள். காற்றை இழுத்து வெளியேற்றுவது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குப் பல் மருத்துவ உதவியாளர்களிடம் செய்து 1992இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவை உறிஞ்சும் கருவி இல்லாத இடத்தில் வாரம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தவர்களின் ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் கருத்தரிக்கும் வாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 41 சதவீதம்தான். கருவி இருந்த இடங்களில் அந்தக் குறைவு காணப்படவில்லை.

முகமூடியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். என்95 தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்பன் கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். உள்ளே வாசனை வரும்வரை காத்திருந்து மாற்றுவது தாமதம், தயாரிப்பாளர் சொல்லும் மணிக்கணக்கில் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடாவிட்டால் சும்மா கிடக்கும்போதே கார்பன் நிரம்பிவிடும். கையுறையும் அப்படியே: மெல்லிய நைட்ரைல் கையுறையை டொலுயீன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், லேட்டெக்ஸ் அதைவிட மோசம். பாலிவினைல் ஆல்கஹால் கையுறை டொலுயீனுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும். தண்ணீரும் புழங்கும் வேலை என்றால் பல அடுக்கு லேமினேட் கையுறை.

அடுக்களைவேதியியல்

வீட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். இங்கே பலன் சீக்கிரம் தெரியும் என்பதால் இதை ஒதுக்கிவிடாதீர்கள். 20 பேருக்கு மூன்று நாள், டின்னிலோ பிளாஸ்டிக்கிலோ அடைக்காத புதிய உணவு மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. வேறோர் ஆய்வில், வாசனையும் பாரபெனும் (கெடாமல் காக்கும் ரசாயனம்) இல்லாத அழகுப் பொருள்களுக்கு மூன்று நாள் மாறிய பதின்வயதுப் பெண்களிடம் மெத்தில்பாரபென் 44 சதவீதம் குறைந்தது.

சூடு, எண்ணெய், பிளாஸ்டிக் மூன்றும் சேரவே கூடாது. சூடான உணவுக்குக் கண்ணாடி, எவர்சில்வர். மைக்ரோவேவ் பாதுகாப்பானது என்று அச்சிட்ட டப்பா உருகாது என்பதற்குத்தான் அந்த அச்சு, ஒன்றும் கசியாது என்பதற்கு அல்ல. பிஸ்பீனால் ஏ இல்லை என்று போட்ட பொருளில் பிஸ்பீனால் எஸ் இருக்கலாம், அதுவும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போலவே நடக்கிறது. சானிடைசர் தடவிய ஈரக்கையால் கடை ரசீதைத் தொடாதீர்கள். ரசீது அச்சிடும் தெர்மல் தாளில் உள்ளது தாளோடு பிணையாத பிஸ்பீனால், ஈரக்கையில் பல மடங்கு ஏறும்.

காய், பழத்துக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சமையல் சோடா (இரண்டு டீஸ்பூன்), 12 முதல் 15 நிமிடம் ஊறல், பிறகு ஓடும் தண்ணீரில் அலசல். தோலின் மேல் உள்ள பூச்சிமருந்து போகும், உள்ளே ஊறியது போகாது. தண்ணீரில் ஈயமோ பி.எஃப்.ஏ.எஸ்.-ஓ சந்தேகமாக இருந்தால் கொதிக்கவைப்பதில் பயனில்லை. நீர் ஆவியாகி மிஞ்சியதில் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி இரண்டையும் நன்றாகக் குறைக்கும், சவ்வைக் காலம் தவறாமல் மாற்றினால். வீட்டுத் தூசியில் தீத்தடுப்பு ரசாயனங்களும் ஈயமும் படிவதால் உலர்ந்த துடைப்பத்தைவிட ஈரத்துணி நல்லது.

தென்றல்

மிக்க நன்றி. பரிசோதனை பற்றி யாராவது சொல்ல முடியுமா? கருத்தரித்தது உறுதியான பிறகு வேறு பிரிவுக்கு மாறினால் போதுமா?

கருவியல்மாலை

போதாது. கருவின் நரம்புக்குழாய் (மூளையும் தண்டுவடமும் ஆகும் பகுதி) கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது, பலருக்கு அப்போதுதான் பரிசோதனையில் இரண்டு கோடு தெரியும். பிரிவு மாற்றம் கேட்பதாக இருந்தால் இப்போதே, மருத்துவரின் கடிதத்தோடு கேளுங்கள். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராமும் இப்போதே.

ஏ.எம்.எச். மாசைக் காட்டாது. மிச்சமுள்ள முட்டைகளின் எண்ணிக்கைக்கு ஓர் அறிகுறி, அவ்வளவுதான். குறைவாக வந்தாலும் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவு என்று சொல்ல முடியாது. சிறுநீரில் பிஸ்பீனால் பார்ப்பதும் வீண், காலை அளவும் மாலை அளவும் ஒத்துவராது. எடுக்க வேண்டியது ரத்த ஈயம், அதுவும் பழைய பெயின்ட், பேட்டரி, சாலிடர், நிறமி சம்பந்தப்பட்டவர்களுக்கு. அச்சு மையிலும் ஈய நிறமி இருக்கலாம் என்பதால் நீங்கள் எடுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரும்பு, கால்சியம் குறைவாக இருந்தால் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும், கர்ப்பத்தில் எலும்பிலிருந்தும் ஈயம் இறங்கும். ஆகவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு) இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

டீடாக்ஸ் மாத்திரைகளால் இவற்றில் எதையும் வெளியேற்ற முடியாது. சில மூலிகைக் கலவைகளிலேயே ஈயமும் பாதரசமும் இருந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஈயத்தை இழுத்து வெளியேற்றும் கீலேஷன் மருந்து, அளவு மிக அதிகமானவர்களுக்கு மருத்துவமனையில் தருவது.

35 வயதுக்குக் கீழே ஓராண்டு, 35க்கு மேல் ஆறு மாதம் முயன்றும் தங்காவிட்டால் முழுப் பரிசோதனை. மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் அதற்கும் முன்பே. அப்போது கணவரின் விந்துப் பரிசோதனையும் உடனே நடக்கட்டும். ஈயமும் கரைப்பானும் விந்தணுவையும் குறைக்கும், அது உருவாகவும் ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும்.

பட்டறைப்பாதுகாப்பு

ஒன்று விட்டுப்போனது. வேலை உடுப்பைக் கூடத்திலேயே மாற்றி, தனிப்பையில் கட்டி, வீட்டில் மற்ற துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். சாப்பிடும் முன் சோப்புத் தண்ணீரில் கை கழுவுங்கள். மை போகவில்லை என்று தின்னரால் கை துடைக்கும் பழக்கம் கூடத்தில் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டால் மை இறங்கிவிடும்.