மூக்குக்கண்ணாடியோட பாக்க எந்தப் பொக்கெற் பைனாகுலர்?

நான் தினமும் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால சைக்கிள்ல வேலைக்குப் போறனான். உப்புக்காத்தில என்ர 10×25 (பத்து மடங்கு பெருசாக் காட்டுற, 25 மில்லிமீற்றர் வில்லை) பைனாகுலருக்குள்ள பூஞ்சணம் பிடிச்சு, போன மாரியில இருந்து மண்டைதீவுப் பக்கம் நிக்கிற பூநாரையெல்லாம் புகைமாதிரித்தான் தெரியுது. ஈரம் போகட்டும் எண்டு அரிசிப் பேணிக்குள்ள ஒரு கிழமை வைச்சுப் பாத்தன். ரவுணில ரெண்டு கடையில காட்டினன், கழட்டமாட்டம் எண்டிட்டினம்.

இனி வாங்கினா நல்லதொண்டுதான். சைஸ் (Zeiss) விக்டரி பொக்கெற் 8×25, சுவரொவ்ஸ்கி சிஎல் பொக்கெற் 8×25, லைக்கா அல்ராவிட் 8×20 மூண்டும் மனசில நிக்குது. லைக்கா 240 கிராம் அளவுதான், சட்டைப் பையில பாரம் தெரியாது. ஆனா 20 மில்லிமீற்றர் வில்லையில விடியப்புற வெளிச்சம் குறைவாத்தான் வரும். கொழும்புக்குப் போய்ப் பிடிச்சுப் பாக்க இப்ப வழியில்லை.

மூக்குக்கண்ணாடியைக் கழட்டாமல் பாக்கிற ஆக்களே, ஓரம் கறுக்காமல் முழு வட்டமும் தெரியிறது இதில எது?