இவ்வளவு வெள்ளி வந்தும் ஸ்பெயின் அரசு ஏன் திவாலானது?

கொலுசுப்பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குச் சேலத்தில் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. காலையில் எழுந்ததும் வெள்ளி விலையைப் பார்க்கிற பழக்கம் இருப்பதால், இந்த உலோகத்தின் பழைய கதையையும் தெரிந்துகொள்வோமே என்று படிக்க ஆரம்பித்து, இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொதோசி என்ற ஊரில் வந்து நிற்கிறேன். 1545இல் அங்கே ஒரு மலையில் வெள்ளி இருப்பது ஸ்பானியர்களுக்குத் தெரியவருகிறது. அறுபது, எழுபது வருடத்துக்குள் அந்தக் குளிர் மேட்டில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம் எழுந்துவிடுகிறது. எடுக்கிற வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்கு. சரி, இதுவரை புரிகிறது.

ஆனால் அதே மன்னர் இரண்டாம் பிலிப், 1557, 1560, 1575, 1596 என்று நான்கு முறை கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்திருக்கிறார். ஒரு மலை வெள்ளியைக் கையில் வைத்திருப்பவர் எப்படிக் கைவிரிப்பார்? வீட்டில் சொன்னால், ஊதாரியாக இருந்திருப்பார் என்கிறார்கள். அவ்வளவுதானா? அந்த வெள்ளியெல்லாம் கடைசியில் எங்கே போயிற்று?

தெரிந்தால் இதையும் சொல்லுங்கள்: அந்தக் காலத்து ஸ்பானிய எட்டு ரியால் வெள்ளி நாணயம் என்ன டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி?

நெடுவழி

அண்ணா, நல்ல கேள்வி. முதலில் ஒரு விஷயம். மன்னர் வெள்ளியை நம்பியே பிழைத்தார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், கணக்கு அப்படி இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளி, பிலிப்பின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை. மீதியெல்லாம் ஸ்பெயினின் பெரும்பகுதியான காஸ்தில் நாட்டுக் குடியானவரும் வியாபாரியும் கட்டிய வரி. விற்கிற பொருளுக்கெல்லாம் ஒரு வரி இருந்தது. அது போதாமல் 1590இல் இறைச்சி, மது, எண்ணெய் என்று அன்றாடம் வாயில் போடுகிற பொருளின் மேலேயே இன்னொரு வரி போட்டார்கள்.

ஆனாலும் கடன்காரர்கள் அந்த நான்கில் ஒரு பங்கைத்தான் குறிவைத்தார்கள், ஏனென்றால் அது கட்டி வெள்ளி, எங்கே கொண்டுபோனாலும் செல்லும். பிலிப்புக்குச் செலவு நெதர்லாந்துப் போரில், வரவு ஸ்பெயினின் செவில்யா துறைமுகத்தில், அதுவும் வருடத்துக்கு ஒரு முறை கப்பல் வந்தால்தான். படைவீரன் அதுவரை காத்திருப்பானா? அதனால் ஜெனோவா நகரத்து வங்கியாளர்கள் அன்றைய நெதர்லாந்தின் ஆன்ட்வெர்ப் நகரில் இன்றைக்கே பணம் கொடுத்துவிடுவார்கள், ஈடாக அடுத்து வரும் கப்பலின் வெள்ளியை வட்டியோடு எழுதி வாங்கிக்கொள்வார்கள். அடுத்த கப்பலுக்கு எழுதி முடித்து, அதற்கடுத்த கப்பலுக்கும் எழுதுவார்கள். கதிர் முற்றும் முன்பே நெல்லை விற்றுத் தின்பது மாதிரி. கப்பல் செவில்யாவுக்கு வந்து சேரும்போது அதில் இருப்பது ஏற்கெனவே இன்னொருவருடைய வெள்ளி.

நீங்கள் சொன்ன திவால் என்பதும் கஜானாவில் ஒன்றுமே இல்லாமல் போனது அல்ல. அதிக வட்டிக்கு வாங்கிய குறுகிய காலக் கடனை, இனி கட்ட மாட்டேன் என்று நிறுத்திவிட்டு, குறைந்த வட்டியில் பல வருடம் ஓடும் பத்திரங்களாக மாற்றிக்கொள்ளச் சொல்வது. பேச்சுவார்த்தை முடிந்ததும் அதே ஜெனோவாக்காரர்கள் திரும்பவும் கடன் கொடுத்தார்கள். ஆனால் இடையில் பணம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு 1575 ஒரு பயங்கரமான உதாரணம். கடன் நிறுத்தத்தால் நெதர்லாந்துப் படைக்குச் சம்பளம் போகவில்லை. 1576 நவம்பரில் அந்தப் படையே கலகம் செய்து ஆன்ட்வெர்ப் நகருக்குள் புகுந்து கொள்ளையடித்துப் பல ஆயிரம் பேரைக் கொன்றது.

வீட்டில் சொன்ன ஊதாரி என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மனிதர் கணக்குத் தாள்களின் நடுவிலேயே வாழ்ந்தவர். போரை நிறுத்த மனம் வராததுதான் பிரச்சினை. துருக்கியரோடு மத்தியதரைக் கடலில், நெதர்லாந்தில், 1588இல் இங்கிலாந்தோடு என்று எதையும் விடவில்லை.

மலைமுகடு

மன்னர் கணக்கு எல்லாம் சரி, தோண்டியவர்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். இது எனக்கு மனதை விட்டுப் போகாத விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொதோசி கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் இருபது வருடம் மேலாக இருந்த நல்ல தாதுவை ஆந்தீஸ் மக்களே, காற்று வீசும் சரிவுகளில் நிறுத்திய சிறிய களிமண் உலைகளில் உருக்கித் தந்தார்கள். தொழில்நுட்பம் அவர்களுடையது. 1560களில் அந்தத் தாது தீர்ந்துபோய், மட்டமான தாதுவில் உலை பலிக்கவில்லை. அப்போது வந்ததுதான் பாதரச முறை. தாதுவைத் தூளாக அரைத்து, உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்து வைத்தால் பாதரசம் வெள்ளியைப் பற்றிக்கொள்ளும். பிறகு சூடேற்றினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி நிற்கும். பட்டறைக்காரர் உங்களுக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பாதரசம் பெருவில் உவான்காவெலிகா என்ற இன்னொரு மலைச் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்களின் நிலை பொதோசியைவிடக் கொடுமை, அந்தத் தூசியே நஞ்சு.

ஆள் எங்கிருந்து கிடைத்தார்கள்? 1570களில் தொலேதோ என்ற ஆளுநர், இன்கா அரசு பொது வேலைக்கு ஆள் எடுத்த 'மீத்தா' என்ற பழைய முறையின் பெயரையே எடுத்துக்கொண்டு ஒரு கட்டாய வேலைத் திட்டம் போட்டார். கூஸ்கோவிலிருந்து தெற்கே உள்ள மாகாணங்களில் வேலை செய்யக்கூடிய ஆண்களில் ஏழில் ஒருவர் ஒரு வருடம் பொதோசிக்கு வர வேண்டும். வருடத்துக்குச் சுமார் 13,500 பேர். ஒரு வாரம் சுரங்கம், இரண்டு வாரம் ஓய்வு என்று சட்டம் சொன்னது, ஆனால் கொடுத்த கூலியில் வயிறு நிறையாததால் அந்த இரண்டு வாரமும் வேறு வேலை தேட வேண்டும். தூரத்து ஊர்களிலிருந்து மனைவி, பிள்ளைகள், லாமாக்கள், ஒரு வருடத்துக்கான தானியம் எல்லாவற்றோடும் இரண்டு மாதம் நடந்தே வந்தார்கள். ஒரு கிராமமே கிளம்பிப் போகிற மாதிரி. பல பேர் திரும்பவில்லை. செத்தவர்கள் தவிர, திரும்பினால் மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று பயந்து வேறு ஊருக்கு ஓடியவர்களும் ஏராளம். அதனால் ஊரில் மிச்சமிருந்தவர்களுக்கு முறை இன்னும் சீக்கிரம் வந்தது.

எண்பது லட்சம் பேர் இறந்தார்கள் என்று இணையத்தில் ஒரு எண் சுற்றுகிறது. யாரும் எண்ணிப் பதிந்த கணக்கு அல்ல அது, தயவுசெய்து பகிராதீர்கள். நடந்தது பெரிய எண் இல்லாமலே போதுமான அளவு கொடுமை. இந்தக் கட்டாய வேலை 1812 வரை சட்டத்தில் இருந்தது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கடற்காகம்

வெள்ளி எங்கே போயிற்று என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பகுதி கிழக்கே போயிற்று, குறிப்பாகச் சீனாவுக்கு.

மிங் அரசு அச்சடித்த காகிதப் பணம் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே மதிப்பிழந்துபோனது. மக்கள் வெள்ளிக்கு மாறினார்கள், அரசும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தது. 1581இல் சாங் சூசெங் என்ற அமைச்சர் நெல், உழைப்பு என்று பலவிதமாக வசூலித்த வரிகளை ஒன்றாகச் சேர்த்து வெள்ளியில் கட்டச் சொல்லும் முறையை நாடு முழுவதும் கொண்டுவந்தார். பத்துக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாடு, உள்ளூரில் சுரங்கம் போதாது. அங்கே ஆறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் கிடைத்த காலத்தில், ஸ்பெயினில் பன்னிரண்டு பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். அதாவது வெள்ளிக்குச் சீனாவில் இரண்டு மடங்கு மரியாதை. தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும்?

முதலில் ஜப்பானின் இவாமி சுரங்க வெள்ளி போர்த்துகீசியர் கப்பல்களில் மக்காவு வழியாகப் போனது. 1565இல் உர்தனேத்தா என்ற பாதிரி பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் கடல் வழியைக் கண்டுபிடித்தார். 1571இல் ஸ்பானியர் மணிலாவைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து வெள்ளி ஏற்றிய கப்பல் மணிலாவுக்கு வரும், சீனப் பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு திரும்பும். சீனாவோடு போட்டிபோட முடியாத ஸ்பானிய வணிகர்கள் நெருக்கியதால் 1593இல் வருடத்துக்கு இரண்டு கப்பல், இவ்வளவு மதிப்புக்குத்தான் சரக்கு என்று வரம்பு போட்டார்கள். அதை யார் மதித்தார்கள்!

ஐரோப்பா போன வெள்ளியும் அங்கேயே தங்கவில்லை. டச்சுக்காரர், ஆங்கிலேயர் கப்பல்களில் பெட்டி பெட்டியாக இந்தியாவுக்கு வந்தது, ஏனென்றால் இங்கே விற்க அவர்களிடம் வேறு சரக்கு அதிகம் இல்லை. முகலாய ரூபாய்க்கு வேண்டிய வெள்ளி பெரும்பாலும் இப்படி வெளியிலிருந்து வந்ததுதான்.

கொலுசுப்பட்டறை

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. மலைமுகடு எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஒரு சந்தேகம் மிச்சம். இவ்வளவு வெள்ளி ஒரே நாட்டுக்குள் கொட்டினால் அங்கே விலைவாசி என்ன ஆகும்?

நெடுவழி

ஏறியது அண்ணா. ஸ்பெயினில் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் விலைவாசி ஏறக்குறைய நான்கு மடங்கு. வருடத்துக்கு ஒன்றரை சதவீதம்கூட இல்லை, நமக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும், ஆனால் தாத்தா காலத்து விலையே பேரன் காலத்திலும் இருந்து பழகியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. சலமான்கா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய அஸ்பில்குவெத்தா என்ற பாதிரி 1556லேயே இதைப் பிடித்துவிட்டார்: பணம் அதிகமாகக் கிடைக்கும் இடத்தில் பொருளும் கூலியும் விலை ஏறும் என்று. வெள்ளி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், மக்கள்தொகையும் பெருகியது, தானியம் போதவில்லை. ஆனால் செவில்யாவில் நெய்த துணி வெளிநாட்டுத் துணியைவிட விலை கூடிப்போனதால், வந்த வெள்ளி துணி வாங்கவே வெளியே போயிற்று. 1599க்குப் பிறகு மூன்றாம் பிலிப் காலத்தில் உள்நாட்டுச் சில்லறை வெறும் செம்பாகிவிட்டது. உலகத்துக்கே வெள்ளி நாணயம் அடித்துக் கொடுத்த அரசின் குடிமகன் கையில் செம்புக் காசு.

கடற்காகம்

டச் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டோம். 1728க்கு முன்பு எட்டு ரியால் சுமார் 27 கிராம் எடை, 93 டச். அதன் பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். ஆனால் 1640களில் பொதோசி அக்கசாலைக்காரர்களே செம்பைக் கூட்டி அடித்து மாட்டிக்கொண்டார்கள், அந்தக் காலத்துப் பொதோசி நாணயம் என்று யாராவது விற்க வந்தால் உரசிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சென்னைக்கு வந்தால் சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்துப் பக்கம் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது, பாருங்கள். அங்கே முதல் பாலத்தை 1726இல் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைப் படிக்கட்டுக்கும் பணம் கொடுத்தவர் அவரே. மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்தவர் அவர், மணிலாவில் புழங்கியது அகபுல்கோவிலிருந்து வந்த வெள்ளி. பழைய பாலம் இப்போது இல்லை, கல் மட்டும் நிற்கிறது.