லினக்ஸ் மக்கர் பண்ணினால்: காரணம் தேடுவதா, அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவதா?

மறுநிறுவி:
சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வீட்டுக் கணினியில் லினக்ஸ் தகராறு பண்ணினால் அதோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டாதீர்கள். யூஎஸ்பியைச் சொருகுங்கள், மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கள், வேலையைப் பாருங்கள். எஸ்எஸ்டி இருக்கிற இயந்திரத்தில் உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் வகை ஒன்று ஏற அரை மணி நேரம்கூட ஆகாது. உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் /ஹோம் ஃபோல்டர் தனிப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் தனிப் பகுதியில், இருந்தால் அவை எங்கேயும் போகாது.

உதவி கேட்டு இந்த மன்றத்துக்கு வருகிறவர்களை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்று ஒருமுறை பாருங்கள். ப்ளூடூத் வரவில்லை என்று ஒருவர் கேட்கிறார். உடனே குறுக்கு விசாரணை: எந்தக் கெர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி), திரையைக் கையாள்வது வேலண்டா எக்ஸ்11ஆ, டிமெசேஜ் போட்டு வரும் கெர்னல் செய்திகளை முழுசாக ஒட்டுங்கள்... அவர் பாவம், பாட்டுக் கேட்க வந்தவர். சர்வர் என்றால் காரணம் தெரிந்தாக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சொந்த லேப்டாப்புக்கு எதற்குப் பிரேதப் பரிசோதனை? மறுப்பவர்கள் வரலாம்.

பதிவேடு:
அரை மணி என்பது இன்ஸ்டாலர் ஓடுகிற நேரம். அதன் பிறகு பிரின்டர், கையால் சேர்த்த ரெப்போக்கள் (மென்பொருள் கிடங்குகள்), சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் /ஈடிசிக்குள் எப்போதோ மாற்றி வைத்த நாலு வரி, க்ரானில் நேரம் குறித்துத் தானாக ஓடிக்கொண்டிருந்த பேக்கப் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். சில நினைவுக்கே வராது. பேக்கப் ஓடவில்லை என்பது பேக்கப் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் தெரியும்.

அதை விடுங்கள். என் முக்கியமான மறுப்பு வேறு. கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம்: வன்பொருளில், சிஸ்டத்தில், பயனரின் சொந்த அமைப்புகளில். மறுநிறுவல் நடுவில் இருப்பதை மட்டும்தான் தொடுகிறது. /ஹோமைக் காப்பாற்றிவிட்டு இன்ஸ்டால் பண்ணினால், அதில் உங்கள் சொந்த அமைப்புகளை வைத்திருக்கும் .கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் கோளாறையும் சேர்த்துக் காப்பாற்றுகிறீர்கள். புதுசாக ஏற்றிய பிறகும் டெஸ்க்டாப் பேனல் அதே இடத்தில் தொங்கும். "லினக்ஸே இப்படித்தான்" என்று பழி மட்டும் மிஞ்சும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க லாக்கூட (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவுகள்) வேண்டாம். லைவ் யூஎஸ்பியில், அதாவது இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸை ஓட்டும் யூஎஸ்பியில், பூட் பண்ணிப் பாருங்கள். அதிலும், உதாரணத்துக்கு, சத்தம் வரவில்லையென்றால் பெரும்பாலும் வன்பொருள், அல்லது அதற்கான டிரைவர், ஃபர்ம்வேர். லைவில் வருகிறதென்றால், உங்கள் கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து நுழையுங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் சிஸ்டத்தில் குற்றமில்லை, உங்கள் பழைய கணக்கின் அமைப்புகளில்தான். இரண்டும் சேர்ந்து நீங்கள் சொன்ன அரை மணியைவிடக் குறைவுதான்.

டிஸ்க்கே சாகும் தறுவாயில் இருந்தால்? டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டிப் பார்க்காமல் அதே டிஸ்க்கில் மறுபடி ஏற்றுவது, மிச்சமிருக்கும் கோப்புகளையும் பணயம் வைப்பது.

ஆர்ச்வாசி:
ஆர்ச் லினக்ஸில் ஒரே இன்ஸ்டால், வருடக்கணக்காக ஓடுகிறது. அப்டேட்டுக்கு முன்னால் ஆர்ச் செய்திப் பக்கத்தைப் படியுங்கள், பிறகு அப்டேட் விட்டுச்செல்லும் புது அமைப்புக் கோப்புகளான .பேக்நியூ கோப்புகளைப் பாருங்கள். அவ்வளவுதான்.

மறுநிறுவி:
ஆர்ச்காரர் வந்து தான் ஆர்ச் என்று சொல்லியாகிவிட்டது. இனி விவாதத்தைத் தொடங்கலாம்.

பதிவேடு, உங்கள் இரண்டு சோதனையும் நல்லவை, மறுக்கவில்லை. ஆனால் யார் செய்கிறார்கள்? நிஜத்தில் நடப்பது இது: பிழைச் செய்தியைத் தேடுபொறியில் போடுவார், அல்லது ஏதாவது சாட்பாட்டிடம் கேட்பார். முதலில் வந்த கட்டளையைச் சூடோவோடு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, ஓட்டுவார். ஆகவில்லையா, இரண்டாவது. அதுவும் ஆகவில்லையா, எந்தக் காலத்திலோ எந்த வெர்ஷனுக்கோ எழுதிய மூன்றாவது.

மென்பொருள் ஏற்றும் ஏபிடி கருவி, ஒரே நேரத்தில் இரண்டு ஏற்றம் நடக்காமல் தடுக்க வைக்கும் பூட்டுக் கோப்பை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். "வேறொரு புராசஸ் பூட்டை வைத்திருக்கிறது" என்று செய்தி வரும். பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் காத்திருந்தால் தானே விடும். இணையத்தில் என்ன சொல்கிறார்கள்? பூட்டுக் கோப்பை அழி! இவரும் அழிக்கிறார். பாதியில் நின்ற அப்டேட்டின் மேல் இன்னொன்று ஏறுகிறது. இப்போது அந்த இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. நிலையே தெரியாத இயந்திரத்தைத் தெரிந்த நிலைக்குக் கொண்டுவர ஒரே வழி மறுநிறுவல்.

பதிவேடு:
அந்த உதாரணத்தில்கூட, பாதியில் நின்ற பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) முடித்துவைக்கும் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" ஓட்டி, பிறகு ஏபிடியில் உடைந்ததைச் சரிசெய்யும் ஃபிக்ஸ்-ப்ரோக்கன் ஓட்டினால் பல நேரம் எழுந்துவிடும். ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு கட்டளை ஓட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. அதற்குப் பெயர் காரணம் தேடுவது இல்லையே.

காரணம் தேடுவது ஒரு கேள்வியில் தொடங்குகிறது: நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, இடையில் என்ன மாறியது? உபுண்டு, மின்ட் அடங்கிய டெபியன் வகையறாவில் இதற்கு விடை எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. /வார்/லாக்/ஏபிடி ஃபோல்டரில் ஹிஸ்டரி என்று ஒரு கோப்பு. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு மாறியது என்று வரிசையாக இருக்கும்.

இங்கே அடிக்கடி வரும் புகார் ஒன்று: அப்டேட்டுக்குப் பிறகு என்விடியா கார்டு வேலை செய்யவில்லை, திரை மங்கலான ரெசல்யூஷனில் நிற்கிறது அல்லது கருப்பாகவே இருக்கிறது. ஹிஸ்டரியைப் பார்த்தால் புதுக் கெர்னல் வந்திருக்கும். டிகேஎம்எஸ் (கெர்னலுக்கேற்ப டிரைவரைக் கட்டும் கருவி) வழியாக டிரைவர் போட்டிருந்தால், புதுக் கெர்னலுக்கு அந்த டிரைவர் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும். கட்டத் தேவையான கெர்னல் ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் கட்டாது. கட்டினாலும், செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்து மாட்யூலுக்குச் செல்லுபடியாகும் கையொப்பம் இல்லையென்றால் கெர்னல் அதை உள்ளே விடாது. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலில் பூட் பண்ணுங்கள். திரை வந்துவிட்டதா? சிக்கல் புதுக் கெர்னலோடு வந்தது என்று முடிவாகிவிட்டது, அன்றைய வேலையும் கெடவில்லை.

இதே ஆளை நீங்கள் மறுநிறுவல் பண்ணச் சொல்கிறீர்கள். பண்ணுவார். முதல் அப்டேட்டிலேயே அதே புதுக் கெர்னல் வரும், செக்யூர் பூட் அப்படியே இருக்கும், திரை மறுபடி கருப்பாகும்.

பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் சும்மா நிற்கிறதே, அதுவும் இப்படித்தான். எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு பார்ட்டிஷனின் அடையாள எண் இப்போது இல்லை. பூட்டின்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதற்காக 90 விநாடி காத்திருக்கிறது. எடுத்த எடுப்பில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். இதற்குப் போய் முழு டிஸ்க்கையும் அழிப்பார்களா?

பின்னோக்கி:
இரண்டு பேரும் கோளாறு வந்த பிறகு என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். அப்டேட்டுக்கு முன்னால் டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அந்த நேர நகல்) எடுத்துவைத்தால் இந்த விவாதமே தேவையில்லை. உடைந்ததா, முந்தைய நிலைக்குத் திரும்பு. காரணத்தைப் பொழுது போகாத நாளில் தேடிக்கொள்ளலாம். ஓப்பன்சூசே லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையும் ஸ்னாப்பர் கருவியும் சேர்ந்து இதை க்ரப் மெனுவிலேயே கொடுத்துவிடுகின்றன. ஃபெடோரா சில்வர்ப்ளூவில் முந்தைய சிஸ்டத்தை அப்படியே தேர்ந்தெடுத்துப் பூட் பண்ணலாம். மின்ட்டில் வரவேற்புத் திரையே டைம்ஷிஃப்ட்டை நினைவுபடுத்துகிறது. யாரும் கேட்பதில்லை.

புதுக்கணக்கு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு இப்போதே ஒரு பதில் வேண்டும். மின்ட், சின்னமன் டெஸ்க்டாப். கடவுச்சொல் போட்டால் ஏற்கிறது, ஒரு நொடி திரை கருப்பாகிறது, மறுபடி அதே லாகின் திரை. தவறான கடவுச்சொல் போட்டால் தவறு என்று சரியாகச் சொல்கிறது. லைவ் யூஎஸ்பி கையில் இருக்கிறது. இன்ஸ்டால் பண்ணிவிடவா? இன்றைக்குள் ஒரு கோப்பு அனுப்பியாக வேண்டும்.

மறுநிறுவி:
லைவில் பூட் பண்ணி உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். அனுப்ப வேண்டியதை அங்கிருந்தே அனுப்புங்கள். பிறகு நிதானமாக இன்ஸ்டால். கணக்கு முடிந்தது.

பதிவேடு:
கோப்பை அனுப்புகிற வரைக்கும் அவர் சொல்வது சரி. ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. லாகின் திரையில் கண்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 அழுத்துங்கள், எழுத்துத் திரை வரும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து "டிஎஃப் -எச்" அடியுங்கள். சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லுங்கள். கூடவே உங்கள் ஹோமில் திரையைத் திறக்க அனுமதி தரும் .எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இந்த மாதிரி லாகின் சுழலுக்கு வழக்கமான காரணங்களில் இரண்டு இவை: இடமில்லாமை, அல்லது அந்தக் கோப்பு ரூட் (நிர்வாகி) பெயருக்கு மாறியிருப்பது.

புதுக்கணக்கு:
எழுத்துத் திரையில் உள்ளே போக முடிந்தது! கோப்பு என் பெயரில்தான் இருக்கிறது. ரூட் 100%, மீதி 0 என்று காட்டுகிறது. தனி ஹோம் பார்ட்டிஷன் கிடையாது. ஆனால் இடமே இல்லையென்றால் கணினி எப்படி பூட் ஆகிறது?

பதிவேடு:
எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5% இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும். அதனால் சிஸ்டம் சேவைகள் தள்ளாடியாவது எழுந்துவிடும். சாதாரணப் பயனரான உங்களுக்கு மீதி 0. டெஸ்க்டாப் தொடங்கும்போது உங்கள் ஹோமில் சில கோப்புகளை எழுதப் பார்க்கிறது, முடியவில்லை, உங்களை வெளியே தள்ளுகிறது. இப்போது "சூடோ டியூ -எச்எக்ஸ் -டி1 /" அடித்து எந்த ஃபோல்டர் பெரிசு என்று பாருங்கள்.

புதுக்கணக்கு:
/டைம்ஷிஃப்ட். மற்ற எல்லாவற்றையும் கூட்டினால்கூட அவ்வளவு வராது. தினமும் ஒன்று எடுக்கும்படி வைத்திருந்தேன், ஹோமையும் சேர்த்து.

ஆர்ச்வாசி:
பின்னோக்கி அவர்களே, கொஞ்சம் முன்னோக்கி வாருங்கள்.

பின்னோக்கி:
சிரியுங்கள். தவறு கருவியில் இல்லை. டைம்ஷிஃப்ட் சிஸ்டம் கோப்புகளுக்கானது. ஹோமை அது தானாகச் சேர்ப்பதில்லை, நாம்தான் சேர்க்கிறோம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையில் மாறாத கோப்புகளை ஸ்னாப்ஷாட்டுகள் ஹார்ட் லிங்க்காக, அதாவது ஒரே நகலைச் சுட்டி, பகிர்ந்துகொள்ளும், மாறியவை மட்டும் புதிதாக இடம் பிடிக்கும். ஹோமைச் சேர்த்தால் தினமும் மாறுகிற பெரிய கோப்புகள் ஒவ்வொரு முறையும் புது நகலாக உட்காரும். வீடியோவோ விர்ச்சுவல் மெஷினோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

புதுக்கணக்கு, ஃபோல்டரைக் கையால் அழிக்க வேண்டாம். "சூடோ டைம்ஷிஃப்ட் --லிஸ்ட்" அடித்தால் பெயர்கள் வரும். பழையவற்றை டைம்ஷிஃப்ட்டின் டெலீட் கட்டளையாலேயே நீக்குங்கள். பிறகு கண்ட்ரோல் + ஆல்ட் + எஃப்7 அழுத்தி லாகின் பண்ணுங்கள்.

புதுக்கணக்கு:
உள்ளே வந்துவிட்டேன். கோப்பையும் அனுப்பியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

பதிவேடு:
மறுநிறுவி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மறுநிறுவி:
மகிழ்ச்சி என்று சொல்கிறேன். ஆனால் இதில் உங்கள் கட்சி ஜெயித்தது என்று நான் நினைக்கவில்லை. அறிகுறியைப் படித்ததுமே எங்கே பார்ப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அனுபவம் லாக்கில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. நீங்கள் இல்லாத இரவில் இதே கோளாறு வந்திருந்தால்? எஃப்3 அழுத்தலாம் என்பதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். என் வழி தெரிந்திருந்தால் கோப்பும் போய்ச் சேர்ந்திருக்கும், கணினியும் எழுந்திருக்கும், இடமும் காலியாகியிருக்கும்.

பதிவேடு:
காலியாகியிருக்கும், கொஞ்ச காலத்துக்கு. புதுசாக ஏற்றியதும் டைம்ஷிஃப்ட்டை அதே மாதிரி, ஹோமையும் சேர்த்து வைத்திருப்பார். ஏன் வைக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்களே. டிஸ்க் மறுபடி நிரம்பும். நீங்கள் மறுபடி யூஎஸ்பியைச் சொருகச் சொல்வீர்கள்.

மறுநிறுவி:
நான் டைம்ஷிஃப்ட்டே வைத்துக்கொள்வதில்லை. கையால் போட்ட பேக்கேஜ்களின் பட்டியலை "ஏபிடி-மார்க் ஷோமேனுவல்" கொடுத்துவிடும். அது ஒரு கோப்பு, மாற்றிய /ஈடிசி கோப்புகள் ஒரு ஃபோல்டர், வேறு கணினிகளில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகள், ப்ரௌசர் புரொஃபைல். இவை வெளி டிஸ்க்கில் இருந்தால் மறுநிறுவலுக்குப் பயப்பட எதுவுமே இல்லை. லேப்டாப் தொலைந்து போனாலும் இதே தயாரிப்புதான் காப்பாற்றும். லாக் படிக்கிற திறமை அங்கே என்ன செய்யும்?

பதிவேடு:
இந்தப் பட்டியலை உங்கள் முதல் பதிவிலேயே போட்டிருந்தால் நான் பாதி வாயை மூடியிருப்பேன். "யூஎஸ்பியைச் சொருகுங்கள்" என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் இதையெல்லாம் எடுத்துவைக்காமல் சொருகுவார்.

பின்னோக்கி:
எடுத்துவைக்கச் சொன்னது நான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆர்ச்வாசி:
அதே டிஸ்க்கில் என்பதையும்.

புதுக்கணக்கு:
இன்னொரு சந்தேகம். ஸ்னாப்ஷாட்டுகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றப் பார்த்தேன். அந்த டிஸ்க்கை டைம்ஷிஃப்ட் ஏற்கவில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை அது, பழைய படங்கள் நிறைய இருக்கின்றன.

மறுநிறுவி:
ஃபார்மட். பார்த்தீர்களா, கடைசியில் எல்லோரும் என் வழிக்குத்தான் வருகிறார்கள்.

பின்னோக்கி:
வேண்டாம், பொறுங்கள். டைம்ஷிஃப்ட்டுக்கு எக்ஸ்ட்4 மாதிரி லினக்ஸ் கோப்பு முறைமை வேண்டும், ஆனால் முழு டிஸ்க்கும் அப்படி இருக்கத் தேவையில்லை. படங்களை முதலில் வேறு எங்காவது நகலெடுங்கள். பிறகு பார்ட்டிஷன்களை மாற்றும் கருவியான ஜிபார்ட்டெடில் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைச் சுருக்கி, கிடைத்த இடத்தில் எக்ஸ்ட்4 ஒன்று உருவாக்குங்கள். அந்த டிஸ்க்கை விண்டோஸிலும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அங்கே "பாதுகாப்பாக அகற்று" கொடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஜிபார்ட்டெட் சுருக்க மறுக்கலாம். ஸ்னாப்ஷாட்டை வாரத்துக்கு ஒன்று ஆக்குங்கள், ஹோமை நீக்குங்கள்.

புதுக்கணக்கு:
ஹோமை நீக்கிவிட்டேன். நகலெடுக்க இன்னொரு டிஸ்க் தேட வேண்டும், அதுவரை எதையும் தொடவில்லை.