புதுப்பிப்பு: பரணுக்கு ஏறும் மரத்தடிப் படிக்கட்டு

ஒன்ராறியோவில் எங்கள் ஏரிக்கரைக் கேபினின் பரணுக்கு உருண்டை மரத்தடிகளால் படிக்கட்டு செய்வது பற்றி முன்பு கேட்டிருந்தேன். படிகளைப் பக்கத் தடிகளில் எப்படிப் பொருத்துவது, மேல்முனையை எதில் கட்டுவது என்பவைதான் கேள்விகள். வேலை முடிந்துவிட்டது. அம்மா நேற்றே ஏறிப் பார்த்துவிட்டார்.

உயரம் 98 அங்குலம், 7 அங்குலமாக 14 ஏற்றங்கள். படிகள் பாதியாகப் பிளந்த வெள்ளைப் பைன், தட்டைப் பக்கம் மேலே. ஆணி அடிக்கவில்லை. படி நுனியை உருட்டிச் செதுக்கி, பக்கத் தடியில் போட்ட துளைக்குள் மரச்சுத்தியலால் தட்டி இறக்கினோம். படிகள் நன்றாகக் காய்ந்தவை, பக்கத் தடிகளில் இன்னும் ஈரம் இருக்கிறது. தடி காயக் காயத் துளை சுருங்கி நுனியை இறுக்கிப் பிடிக்கும். இதைச் சொல்லித் தந்தவருக்குப் பெரிய நன்றி.

அப்புறம் மேல்முனை. கேபினின் மரத்தடிச் சுவர் காய்ந்து சுருங்கும்போது பரணும் கூடவே இறங்கும். இங்கே இன்னும் 3 அங்குலம் எதிர்பார்க்கிறோம். இரண்டு முனைகளையும் இறுக்கிக் கட்டினால் அந்தப் பாரமெல்லாம் படிக்கட்டின் மேல் வந்துவிடும். அதனால் மேலே சுழலும் இரும்புக் கம்பி, கீழே கால் நகர ஒரு தட்டைக் கல். பரண் இறங்கினால் படிகள் பின்பக்கம் சாயும் என்பதால் இப்போதே இரண்டு நூல் (கால் அங்குலம்) முன்சரிவு வைத்திருக்கிறோம்.

கைப்பிடி மட்டும் பாக்கி. அதற்குத் பட்டை உரித்த சீடர் (cedar) மரக் கிளைகள் கொட்டகையில் காய்கின்றன.